தேடுதல் ஆணையும் அதன் காரணத்தை அறியும் உரிமையும்

மொழி பயிற்றுவோருக்கும் பயில்வோருக்கும் உரிய இவ்வுரை வரிசையில் காவல்துறையின் தேடுதல் ஆணையைப் பொருளாகக் கொண்டது ஏன் என்று சிலர் வினவக்கூடும். தேடுதல் ஆணை என்பது எல்லாவற்றுக்கும் முன்னர் ஓர் எழுத்து. காவலர் ஒருவர் ஒரு காரணத்தை எழுதுகிறார். நீதிபதி ஒருவர் அதனைப் படித்து ஒப்புகிறார். அந்த எழுத்தின் வலிமையால் மூன்றாமவர் ஒருவருடைய வீட்டுக் கதவு திறக்கப்படுகிறது. அம்மூன்றாமவரோ பொதுமக்களோ பின்னர் அக்காரணத்தைப் படிக்க இயலுமா? இயலுமாயின் யாரிடம், எவ்வாறு கேட்பது? இவ்வினாக்களை அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடைமுறையை, சிறப்பாகக் கான்சஸ் மாநிலத்தின் அனுபவத்தை, முன்வைத்து நாம் ஆராய்வோம். பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறும் சட்டங்கள் அந்நாட்டில் பல ஆண்டுகளாக வழக்கில் உள்ளன. அவை எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதும் அங்கே தெளிவாகப் புலப்படுகின்றது.

சொற்களைத் தெளிவுபடுத்துதல்

ஒருவரைக் கைது செய்ய நீதிமன்றம் தரும் அதிகாரம் பிடியாணை. ஓர் இடத்தில் புகுந்து பொருளைத் தேடவும் கைப்பற்றவும் தரும் அதிகாரம் தேடுதல் ஆணை. பேச்சு வழக்கில் இரண்டையும் 'வாரண்ட்' என்றே கூறிவிடுகிறோம். எனினும் இரண்டும் வேறு.

தேடுதல் ஆணையைக் கோரும் காவலர், தமக்குத் தெரிந்தவற்றை உண்மை என உறுதிமொழி கூறி எழுதித் தரும் அறிக்கையே பிரமாணப் பத்திரம். 'இவ்விடத்தில் குற்றத்தின் சான்று இருக்கக்கூடும்' என்று நம்புவதற்கு உரிய அடிப்படையை அப்பத்திரம் காட்டவேண்டும். அவ்வடிப்படையை 'ஏற்கத்தக்க காரணம்' எனலாம். ஆணை என்பது முடிவு. பிரமாணப் பத்திரம் என்பது காரணம். இவ்விரண்டையும் பிரித்தறிதல் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது.

இம்முறை தோன்றிய வரலாறு

இடத்தின் பெயரோ பொருளின் பெயரோ குறிக்காமல், எவ்வீட்டிலும் புகுந்து தேட அதிகாரிகளுக்கு உரிமையளித்த பொது ஆணைகள் ஒரு காலத்தில் இருந்தன. இங்கிலாந்தில் 1762ஆம் ஆண்டு எழுத்தாளர் ஜான் என்டிக் என்பாரின் வீட்டில் அரசின் ஏவலர்கள் புகுந்து அவருடைய தாள்களை எடுத்துச் சென்றனர். அவர் தொடுத்த வழக்கில் 1765ஆம் ஆண்டு தீர்ப்பளித்த கேம்டன் பிரபு, சட்டம் இடந்தராத அத்தகைய ஆணை செல்லாது என்றார். அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சுங்க அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட பொது ஆணைகளை எதிர்த்து, 1761ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் வாதிட்டார்.

இவ்வெதிர்ப்பின் விளைவே 1791ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம். ஏற்கத்தக்க காரணம் இருத்தல் வேண்டும். அது உறுதிமொழியால் தாங்கப்படல் வேண்டும். தேடவேண்டிய இடமும் கைப்பற்றவேண்டிய பொருளும் குறிப்பாக உரைக்கப்படல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். ஆயினும் அக்காரணத்தைப் பொதுமக்கள் படிக்கலாமா என்பது பற்றி அத்திருத்தம் ஒன்றும் கூறவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் பொருள் தொடங்குகிறது.

தேயிலையும் தக்காளியும்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கான்சஸ் மாநிலத்தின் ஜான்சன் கவுண்டியில் வாழ்ந்த ஒருவர், மண்ணின்றிச் செடி வளர்க்க உதவும் பொருள்களை விற்கும் கடை ஒன்றுக்குத் தம் பிள்ளைகளுடன் சென்றார். தம் மகனோடு சேர்ந்து வீட்டுக்குள் தக்காளி வளர்ப்பது அவர் நோக்கம். வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்போரும் இத்தகைய கடைகளுக்கு வருவதுண்டு என்பதால், காவலர் ஒருவர் அக்கடைக்கு வந்து செல்வோரின் வண்டி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இவருடைய வண்டியும் பட்டியலில் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் ஷெரிஃப் அலுவலகக் காவலர்கள் அக்குடும்பத்தார் வெளியே வைத்த குப்பையை ஆராய்ந்தனர். அதில் ஈரமான இலைத் துகள்கள் கிடைத்தன. கையடக்கக் களச் சோதனைக் கருவி அவற்றைக் கஞ்சா எனக் காட்டியது. ஆய்வுக்கூடத்தின் முடிவைப் பெறாமலேயே காவலர்கள் தேடுதல் ஆணை கோரினர், நீதிபதியும் வழங்கினார். 2012 ஏப்ரல் 20 அன்று காலையில் ஆயுதமேந்திய காவலர்கள் வீட்டுக்குள் புகுந்தனர். பெற்றோரும் இரு பிள்ளைகளும் காவலில் இருத்தப்பட, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேடல் நடந்தது. கஞ்சா கிடைக்கவில்லை. தக்காளிச் செடிகளே இருந்தன.

எதனால் தம் வீடு தேடப்பட்டது என்று அக்குடும்பத்தார்க்குத் தெரியவில்லை. அவர்கள் கையில் இருந்த தாள்கள் தேடல் நடந்ததைக் கூறினவேயன்றி, அதன் காரணத்தைக் கூறவில்லை. காரணம் அடங்கிய பிரமாணப் பத்திரத்தை, நீதிமன்றத்தின் எழுத்துமூல உத்தரவின்றி எவரும் பார்வையிட அன்றைய கான்சஸ் சட்டம் இடந்தரவில்லை. அவர்கள் வழக்கறிஞரை அமர்த்தி, ஏறத்தாழ ஓராண்டு முயன்று, 25,000 டாலர் வரை செலவிட்ட பின்னரே ஆவணங்கள் கைக்கு வந்தன. அவற்றைப் படித்தபோதுதான் குப்பையில் கிடைத்த ஈர இலைகள் பற்றி அறிந்தனர். தாய் நாள்தோறும் தேநீர் தயாரித்தபின் எறிந்த தேயிலையே அது. பின்னர் நடந்த ஆய்வுக்கூடச் சோதனையும் அது கஞ்சா அன்று என உறுதிப்படுத்தியது.

அக்குடும்பத்தார் தொடுத்த இழப்பீட்டு வழக்கை முதலில் விசாரித்த நீதிமன்றம் தள்ளியது. 2017ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதிக்கு உயிர் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடுவர் குழு காவலர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு அதன் பின்னும் தொடர்ந்தது. இதனை நாம் மறைக்காமல் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஆவணம் கிடைத்தால் நீதிமன்றத்தில் வெற்றி உறுதி என்று எவரும் கருதலாகாது. ஆவணம் தருவது வெற்றியன்று. என்ன நடந்தது என்னும் அறிவு. அவ்வறிவின்றி வழக்காடவும் இயலாது, சட்டத்தை மாற்றக் கோரவும் இயலாது.

நான்கு வகைத் தாள்கள், இரண்டு அலுவலகங்கள்

ஒரு தேடலைச் சார்ந்து நான்கு வகைத் தாள்கள் உருவாகின்றன. முதலாவது, பிரமாணப் பத்திரமும் அதனுடன் சேர்ந்த விண்ணப்பமும். இரண்டாவது, நீதிபதி கையொப்பமிட்ட ஆணை. மூன்றாவது, தேடல் முடிந்தபின் காவலர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அளிக்கும் அறிக்கையும் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலும். நான்காவது, காவல்துறை தன்னிடமே வைத்துக்கொள்ளும் குறிப்புகள்: தேடலுக்கு முன் வகுத்த திட்டம், சம்பவ அறிக்கை, ஆய்வுக்கூட முடிவு முதலியன.

முதல் மூன்றும் நீதிமன்ற ஆவணங்கள். நான்காவது காவல்துறையின் ஆவணம். இவ்வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பிப்போர் பலர் தவறான கதவைத் தட்டுகின்றனர்.

1966ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் கூட்டரசின் நிருவாகத் துறைகளைக் கட்டுப்படுத்துவது. கூட்டரசு நீதிமன்றங்களும் நாடாளுமன்றமும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. கூட்டரசு நீதிமன்றத்தில் உள்ள தேடுதல் ஆணையை அச்சட்டத்தின் பெயரால் கேட்டால் கிடைக்காது. அதற்கு வேறொரு வழி உண்டு. நீதிமன்ற ஆவணங்களைப் பார்வையிடவும் படியெடுக்கவும் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்றும், அவ்வுரிமை வரம்பற்றதன்று என்றும் 1978ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

தேடுதல் ஆணைக்கு அவ்வுரிமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒரு நிலையில் இல்லை. எட்டாம் வட்டார நீதிமன்றம் 1988ஆம் ஆண்டு, அரசியலமைப்பின் முதல் திருத்தமே இவ்வுரிமையை அளிக்கிறது என்றது. எனினும் அவ்வழக்கில் தாள்களை மூடி வைத்தது சரியே என்றும் முடிவு செய்தது. நான்காம் வட்டார நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு, இவ்வுரிமை மரபுவழிச் சட்டத்திலிருந்து வருவது என்றும், நீதிபதி ஒவ்வொரு தாளையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்றும் உரைத்தது. ஒன்பதாம் வட்டார நீதிமன்றமோ அதே ஆண்டில், புலனாய்வு முடியும்வரை அத்தகைய உரிமை இல்லை என்றது.

மாநிலங்களுக்கிடையேயும் வேற்றுமை உண்டு. கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டப்படி, தேடல் நிறைவேறி ஆணை நீதிமன்றத்துக்குத் திரும்பும்வரை, அல்லது ஆணை வழங்கிப் பத்து நாள் கழியும்வரை, தாள்கள் மூடியிருக்கலாம். அதன்பின், நிறைவேற்றப்பட்ட ஆணையின் தாள்கள் நீதிமன்ற ஆவணமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்படவேண்டும். நீதிபதி தனியே முத்திரையிட்டு மூடினாலன்றி இதுவே விதி. அங்கே திறப்பது பொதுவிதி, மூடுவது விலக்கு. 2014க்கு முந்திய கான்சஸிலோ மூடுவதே பொதுவிதி.

2014ஆம் ஆண்டின் மாற்றம்

தேயிலை நிகழ்ச்சிக்குப் பின் அக்குடும்பத்தாரும் செய்தியாளரும் பிறரும் வலியுறுத்தியதன் பயனாக, 2014ஆம் ஆண்டு கான்சஸ் சட்டமன்றம் விதியை மாற்றியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நிறைவேற்றப்படும் தேடுதல் ஆணைகளின் பிரமாணப் பத்திரங்களை, தேடல் முடிந்தபின் எவரும் நீதிமன்ற எழுத்தரிடம் கேட்கலாம். கேட்பவர் வழக்கில் தொடர்புடையவராக இருக்கவேண்டியதில்லை. எழுத்தர் அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்புக்கும் நீதிபதிக்கும் அறிவிப்பார். இரு தரப்பாரும் ஐந்து வேலை நாள்களுக்குள், எப்பகுதியை மறைக்கவேண்டும் என்றோ முழுவதையும் மூடவேண்டும் என்றோ நீதிபதியிடம் கோரலாம். முடிவு நீதிபதியுடையது.

இம்மாற்றத்தின் சிறப்பு யாதெனில், சுமை இடம் மாறியது. முன்னர், கேட்பவர் தாம் ஏன் படிக்கவேண்டும் என்பதை நிறுவவேண்டியிருந்தது. இப்போது, மறைக்க விரும்புவோர் தாம் ஏன் மறைக்கவேண்டும் என்பதைக் கூறவேண்டியுள்ளது. 25,000 டாலர் செலவிட்டுக் கேட்டதை இன்று ஒரு விண்ணப்பத்தால் கேட்கலாம்.

மறைப்பதற்கும் காரணம் உண்டு

ஆவணங்கள் யாவும் எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. தேடலுக்கு முன்பே ஆணை வெளிப்பட்டால் சான்று அழிக்கப்படும். காவல்துறைக்குத் தகவல் தந்தவரின் பெயர் வெளிப்பட்டால் அவர் உயிருக்கே ஊறு நேரலாம். பாதிக்கப்பட்டோரின், குறிப்பாகச் சிறுவர்களின், அடையாளம் காக்கப்படல் வேண்டும். இவையனைத்தும் நேர்மையான காரணங்கள்.

இவற்றினும் எண்ணிப் பார்க்கத்தக்க மற்றொரு மறுப்பு உண்டு. வீடு தேடப்பட்டும் குற்றம் சாட்டப்படாத ஒருவரின் நற்பெயர், பத்திரம் வெளியானால் கெடாதோ? காவலர் எழுதிய ஐயம் ஊரார் வாயில் உண்மையாகிவிடாதோ? இம்மறுப்பை எளிதில் தள்ள இயலாது. ஆயினும் தேடல் என்பது பெரும்பாலும் அண்டை வீட்டார் கண்முன்னே நடப்பது. ஐயம் ஏற்கனவே பரவிவிடுகிறது; அதனை நீக்கும் சான்று மட்டுமே மூடிக்கிடக்கிறது. தேயிலைக் குடும்பத்தாரின் துயரம் இதுவே. ஆதலின், பெயரையும் முகவரியையும் மறைத்துக் காரணத்தைத் திறந்து வைப்பது முழுவதையும் மூடுவதினும் மேலானது. ஒரு வரியை மறைக்கக் காரணம் இருந்தால் அவ்வரியை மறைக்கலாம். அதற்காகப் பத்திரம் முழுவதையும் மறைக்கவேண்டியதில்லை. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டமும், பிரித்தெடுக்கக்கூடிய பகுதியைப் பிரித்துத் தரவேண்டும் என்றே பணிக்கிறது.

விண்ணப்பம் எழுதும் முறை

விண்ணப்பம் எழுதுதல் மொழித்திறன் சார்ந்த பணி. 'உங்களிடம் உள்ள தேடுதல் ஆணைகள் அனைத்தும் வேண்டும்' என்று எழுதினால், கோரிக்கை தெளிவற்றது, அளவுக்கு மீறியது என்று திருப்பி அனுப்புவர். தேடல் நடந்த நாள், இடம், தெரிந்தால் வழக்கு எண் ஆகியவற்றைக் குறிப்பிடவேண்டும். நால்வகைத் தாள்களுள் எவை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். முதல் மூன்று வகைக்கும் நீதிமன்ற எழுத்தரிடமும், நான்காவது வகைக்குக் காவல்துறையிடமும் தனித்தனியே விண்ணப்பிப்பது நலம்.

காவல்துறைக்கு எழுதும்போது, புலனாய்வு ஆவணங்களுக்குப் பெரும்பாலான சட்டங்கள் விலக்களிக்கின்றன என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். கான்சஸின் திறந்த ஆவணச் சட்டத்திலும் அவ்விலக்கு உண்டு. ஆதலின் ஆய்வுக்கூட முடிவு, தேடலுக்குச் சென்ற காவலரின் எண்ணிக்கை, செலவு என ஒவ்வொன்றையும் தனி எண்ணிட்டுக் கேட்டால், ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றொன்று கிடைக்க வாய்ப்புண்டு. மறுப்பு வந்தால் அது சட்டத்தின் எப்பிரிவின்கீழ் வந்தது என்பதை எழுத்தில் தருமாறு கேட்கவேண்டும். பிரிவு தெரிந்தால் மேல்முறையீட்டுக்கு வழி தெரியும். காலவரையறையையும் அறிந்திருக்கவேண்டும். கான்சஸ் சட்டம் மூன்று வேலை நாள்களுக்குள் கோரிக்கையின் மீது நடவடிக்கை எடுக்கப் பணிக்கிறது. கூட்டரசுச் சட்டம் பொதுவாக இருபது வேலை நாள்களைக் குறிக்கிறது.

பத்திரத்தைப் படிக்கும் முறை

ஆவணம் கைக்கு வந்தபின் அதனைப் படிக்கத் தெரிதல் வேண்டும். நான்கு வினாக்களை எழுப்பலாம். இதனை எழுதியவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? கண்டது எப்போது? கண்டதற்கும் தேடவேண்டிய இடத்துக்கும் உள்ள தொடர்பு யாது? எழுதாமல் விடப்பட்டது எது? தேயிலைப் பத்திரத்தில் இவ்வினாக்களைச் செலுத்தினால், கடைக்குச் சென்ற நாளுக்கும் தேடலுக்கும் இடையே எட்டு மாதம் கழிந்திருப்பதும், இலை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படாமையும் உடனே கண்ணில் படும்.

2019 ஜனவரி 28 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் காவலர்கள் ஒரு வீட்டில் புகுந்தபோது அங்கு வாழ்ந்த கணவனும் மனைவியும் கொல்லப்பட்டனர். தகவலாளர் ஒருவர் அவ்வீட்டில் ஹெராயின் வாங்கினார் என்று பிரமாணப் பத்திரம் கூறியது. தேடலில் ஹெராயின் கிடைக்கவில்லை. சில வாரங்களில், அதே காவல்துறையின் புலனாய்வாளர்கள் வேறொரு தேடலுக்காக எழுதிய பிரமாணப் பத்திரம் செய்தியாளர் கைக்கு எட்டியது. முதல் பத்திரத்தை எழுதிய அதிகாரி பெயர் சொன்ன தகவலாளர்கள் அவ்வாறு வாங்கியதை மறுத்தனர் என்பது அதனால் ஊருக்குத் தெரிந்தது. ஒரு பத்திரத்தின் பொய்யை மற்றொரு பத்திரம் வெளிக்கொணர்ந்தது. 2024ஆம் ஆண்டு அவ்வதிகாரி கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 60 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு பொய் வாக்கியத்தின் விலை இரண்டு உயிர்கள்.

2023 ஆகஸ்ட் 11 அன்று, அதே கான்சஸ் மாநிலத்தில், மேரியன் என்னும் சிற்றூரின் வார இதழ் அலுவலகத்திலும் அதன் வெளியீட்டாளர் இல்லத்திலும் காவலர்கள் தேடுதல் ஆணையுடன் புகுந்து கணினிகளையும் கைப்பேசிகளையும் எடுத்துச் சென்றனர். அவ்வில்லத்தில் இருந்த, இதழின் இணை உரிமையாளரான 98 வயது மூதாட்டி மறுநாள் காலமானார். ஐந்து நாள் கழித்து, கூறப்பட்ட குற்றத்துக்கும் தேடப்பட்ட இடங்களுக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்று கூறி அரசு வழக்கறிஞரே ஆணைகளைத் திரும்பப் பெற்றார். பிரமாணப் பத்திரங்களும் வெளியாயின. தேடல் நடந்து பல மாதம் காத்திராமல், சில நாள்களிலேயே ஊரார் காரணத்தைப் படித்துத் தாமே மதிப்பிட முடிந்தது. 2012ஆம் ஆண்டு தேயிலைக் குடும்பத்துக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

நமக்கு உரிய பாடம்

மலேசியாவில் பினாங்கு மாநிலம் 2010ஆம் ஆண்டிலும் சிலாங்கூர் மாநிலம் 2011ஆம் ஆண்டிலும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றின. அவை மாநில அரசின் தகவல்களைச் சார்ந்தவை. காவல்துறை கூட்டரசின்கீழ் உள்ளமையால் அதன் ஆவணங்கள் அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எனவே அமெரிக்க நடைமுறையை நாம் இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. எனினும் தன் காரணத்தை எழுதிக் காட்டுமாறு அதிகாரத்தைப் பணிக்கும் மரபு, என்டிக் வழக்கின் வழியே நம் நாட்டுச் சட்டத்துக்கும் உறவுடையது.

ஆசிரியர்கள் தம் வகுப்பில் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். கற்பனையான ஒரு பிரமாணப் பத்திரத்தை அரைப் பக்க அளவில் எழுதி மாணவரிடம் கொடுத்து, மேற்கூறிய நான்கு வினாக்களுக்கும் விடை காணச் செய்யலாம். பின்னர் அதே பத்திரத்தைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதச் செய்யலாம். கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதும் பழக்கமும், பிறர் எழுதியதில் அவற்றைப் பிரித்துப் படிக்கும் பழக்கமும் மொழிப்பாடத்தின் பயன்களே. ஈரத் தேயிலையை 'கஞ்சா' என்று எழுதிய ஒரு சொல் ஒரு குடும்பத்தின் கதவைத் திறந்தது. அச்சொல்லைப் படிக்க அக்குடும்பத்தாருக்கு ஓராண்டு ஆயிற்று. எழுதப்பட்ட காரணம், அதனால் பாதிக்கப்பட்டவர் படிக்கக்கூடிய காரணமாகவும் இருத்தல் வேண்டும்.